அடிக்குறிப்பு பதினான்கு

பிரஸ்ஸல்ஸ் மழை
குடை விரிக்கும் அளவுக்குப் பெய்வதுமில்லை
மடக்கும் அளவுக்கு ஓய்வதுமில்லை.
அந்தத் திங்கட்கிழமை
எங்கள் வாக்கியமும் அப்படித்தான்.

'ஆணையம் மண்வளத்தைக் காக்கும்.'

மூன்றே சொல்.
சுற்றி இருபத்தேழு நாற்காலிகள்,
ஆறிப்போன காப்பிக் குடுவைகள் நான்கு,
மூலையில் குறிப்பெடுக்க நான், மால்டாக்காரன்.
எங்கள் தீவில் மண் குறைவு.
வீடு கட்டத் தோண்டினால்
மேல்மண்ணை வாரி வேறொரு வயலில் பரப்பவேண்டும்,
சட்டம்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
குறிப்பெடுப்பவனுக்குக் கை உண்டு,
வாய் கிடையாது.

முன்னுரிமைகள் ஐந்தைத் தாண்டக்கூடாது
என்றார் தலைமை அலுவலகத்து ஒடிலோன் ஃபெர்ஹைன்.
கைவிரல்கள் தீர்ந்துபோனால்
மக்கள் எண்ணுவதை விட்டுவிடுவார்களாம்.
போட்டித்திறன் ஒரு விரல். பாதுகாப்பு ஒன்று.
எல்லை, எரிசக்தி, அப்புறம் கணினி சார்ந்த ஏதோ ஒன்று.
கை நிறைந்துவிட்டது.

'மண்?' என்றாள் ஸ்கைத்ரிதே.
லாட்வியாவில் சதுப்புநிலத்தை அளந்தவள்.
நகக்கண்ணில் ஒட்டியிருக்கட்டும் என்று
யாரோ முணுமுணுக்க, சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

காக்கும் என்றால் யார் பணத்தில்?
காக்க முனையும் என்று போடலாமே.
காக்க முனைவதற்கான வழிகளை ஆராயும்?
தேவை எழுமிடத்து?
நான்கு மணிக்கு
முற்றாக இருந்த வினை எச்சமாகிவிட்டது.
எச்சத்துக்குத் தனித்து நிற்கத் தெரியாது,
எதையாவது பற்றிக்கொண்டாக வேண்டும்.
அடிக்குறிப்பு பதினான்கைப் பற்றியது:
'மண் குறித்து, உரிய காலத்தில்.'

எல்லோரும் கோப்பை மூடினார்கள்.
படிக்கட்டில் அவளிடம்
வருத்தம் என்றேன்.
'எதற்கு?
சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
கோட்டை நான் மாட்டிக்கொள்கிறேன்.'

மாட்டினாள்.
நிதித் துறைக்கு ஒரு கடிதம், பதினான்கின்படி.
வேளாண் துறைக்கு இரண்டு, பதினான்கின்படி.
கருத்துக் கேட்புக்குப் பன்னிரண்டு வாரம்,
தாக்க மதிப்பீடு முதல்முறை நிராகரிப்பு,
இரண்டாம் முறை 'குறைகளுடன் ஏற்பு'.
நாடாளுமன்றமும் நாடுகளும் நாங்களும்
விடியற்காலை மூன்றேகாலுக்கு
ஓர் 'அல்லது'வுக்காக ஒருவரையொருவர் முறைத்தோம்.
இதற்கிடையே தேர்தல் வந்தது.
புதிய தலைமை, புதிய ஐந்து.
பழைய ஐந்தில் இரண்டின் பெயர்
இப்போது எனக்கே நினைவில்லை.
மண் மட்டும்
இருபத்துநான்கு மொழிகளில் நகர்ந்துகொண்டிருந்தது,
புழுவைப் போல.

ஏழாம் ஆண்டு
ஸ்லோவேனியாவின் கிழக்கு மூலையில்
லோய்ஸெ ஷெருகா என்பவரின் வீட்டுக்கு
ஒரு குழாயும் பதினொரு பக்கப் படிவமும் போயின.
மக்காச்சோளம் ஆறு ஹெக்டேர், கடன் ஒன்பது ஆண்டு,
கோபம் அவர் அப்பா காலத்திலிருந்து.
படிவத்தை ஒரு மாதம் டிராக்டர் இருக்கைக்கடியில் போட்டுவைத்தார்.
பிறகு குழாயை நிரப்பி அனுப்பினார்.
எல்லாக் கட்டங்களும் காலி,
கடைசியில் 'பிற' என்ற இடத்தில் மட்டும்:
'புழு இருக்கிறது. என் மண் அது.
நீங்கள் யார்?'

ஸ்கைத்ரிதே அதை இரண்டுமுறை படித்தாள்.
கணினியில் அதற்கு எண் கிடையாது.
'மறுமொழி: பெறப்பட்டது' என்று பதிந்துவிட்டு
சன்னலோரம் போய் நின்றாள்.
பதில் அவளிடமும் இல்லை என்று நினைக்கிறேன்.

நேற்றும் திங்கட்கிழமை.
நிலத்தடி நீர் பற்றி யாரோ தொடங்க
ஒடிலோன் கையை உயர்த்தி விரல்களை விரித்தார்.
அதே தூறல் கண்ணாடியில்.
அவள் என் பக்கம் சாய்ந்து
'அடிக்குறிப்பு எதுவரை வந்திருக்கிறோம்?' என்றாள்.

பத்தொன்பது, என்றேன்.

எட்டு ஆண்டுகளில்
அந்த அறையில் நான் பேசிய முதல் சொல்.
குறிப்பில் அதை எழுதவில்லை.